பி.ஜி.யைப் பாதியில் விட்டுவிட்டு வெளிநாடு போகலாமா?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்த 28 வயது பெண் டாக்டரிடமிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பான (பி.ஜி.) எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர்தான். அப்பா தக்காளி விவசாயி. அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததால்தான் தங்கை படிக்க முடிந்தது. எம்.பி.பி.எஸ். முடித்து, இரண்டாவது முயற்சியில் நீட் பி.ஜி. தேறி, ஆசைப்பட்ட பிரிவிலேயே இடம் கிடைத்தது. இப்போது 36 மணி நேர டியூட்டி வழக்கமாகிவிட்டது. சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்கிறார்.

கடிதத்தின் நடுவில் ஓர் இரவு வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு 108-ல் ஒரு பையனைக் கொண்டுவருகிறார்கள். தரையில் படுத்துத் தூங்கியவன், வயிறு வலிக்கிறது என்று எழுந்திருக்கிறான். உடம்பில் கடிவாய் எதுவும் தெரியவில்லை. இமை மட்டும் பாதி மூடியிருக்கிறது, திறக்கச் சொன்னால் நெற்றியைச் சுருக்கித் தூக்கப் பார்க்கிறான். கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்கிறது என்று இவருக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது. விஷமுறிவு மருந்தை ஆரம்பித்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டும் ஆகிவிட்டது. ஆனால் வென்டிலேட்டர் காலியாக இல்லை. விடியும்வரை, மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைத் தன் கையாலேயே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பையன் பிழைத்துவிட்டான். காலை ரவுண்ட்ஸில், இன்னொரு நோயாளியின் கேஸ் ஷீட் முழுமையாக எழுதப்படவில்லை என்று எல்லோர் முன்னாலும் இவருக்குத் திட்டு விழுந்தது. ஹாஸ்டலுக்குப் போய், குளிக்காமல்கூட உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் பிரிட்டனில் டாக்டராகப் பதிவு பெற எழுதும் பிளாப் தேர்வுக்குப் பதிவு செய்வது எப்படி என்று தேடியிருக்கிறார்.

அவர் கேட்கும் கேள்விகள் நான்கு. பி.ஜி.யை இப்போதே விட்டுவிட்டு பிளாப் எழுதி பிரிட்டன் போய்விடலாமா? படிப்பு முடிந்ததும் அரசுப் பணி செய்வதாக எழுதிக் கொடுத்த பாண்டை மீறினால் பாஸ்போர்ட்டை முடக்கிவிடுவார்களா? பெங்களூரில் ஒரு கன்சல்டன்சி இரண்டரை லட்சம் கொடுத்தால் வேலை நிச்சயம் என்கிறது, கொடுக்கலாமா? கடைசியாக, 'எங்கள் மாவட்டத்தில் டாக்டர் இல்லாமல் ஜனங்கள் சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடும்போது, அவர்கள் வரிப்பணத்தில் படித்த நான் போவது துரோகமா?'

அன்புள்ள டாக்டர் அம்மா,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டுவிரியன் கடியில் விஷமுறிவு மருந்தைப் போட்டாலும் நரம்புக்குள் ஏற்கெனவே ஏறிய பாதிப்பு சட்டென்று இறங்காது. மூச்சைத் தாங்கிப் பிடிக்க யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்தால்தான் உயிர் தங்கும். அன்றைக்கு அந்த ஒருவர் நீங்கள்தான். கடிவாய் இல்லாமல், வயிற்றுவலியையும் இமையையும் மட்டும் வைத்து கட்டுவிரியனைக் கண்டுபிடிக்கிற இரண்டாம் ஆண்டு பி.ஜி.யைப் பார்த்தால் எந்தப் பேராசிரியரும் பெருமைப்பட வேண்டும். அன்று காலை உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: நன்றாகச் செய்தீர்கள்.

ஆனால் வெளிநாடு போகும் முடிவை அன்று காலை எடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. போவது சரியா தவறா என்பது இருக்கட்டும். 30 மணி நேரம் தூங்காத மூளை எடுத்த முடிவு அது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிரிட்டனில் என்ன படிக்கப்போகிறீர்கள், எந்தத் துறைக்குள் போகப்போகிறீர்கள், அங்கே எப்படி வாழப்போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆறு பக்கமும் இங்கிருந்து தப்பிப்பதைப் பற்றியே இருக்கிறது. தப்பிக்கும் ஆசை நியாயமானது, அதற்குத் தனியாக மருந்து பார்க்க வேண்டும். வாழ்க்கைத் திட்டத்தைத் தனியாகப் போட வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நோயாளி இப்படிச் சொன்னால் அடுத்து என்ன கேட்பீர்களோ, அதையே நான் உங்களிடம் கேட்கிறேன்: உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் இந்தப் பதிலை இதோடு மூடிவைத்துவிட்டு, இன்றைக்கே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சொந்தக் கல்லூரியில் கூச்சமாக இருந்தால் வேறு ஊரில் பாருங்கள். ராத்திரி நேரம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, அல்லது சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம். அப்படி நினைப்பு இல்லையென்றாலும் ஒருமுறை போய்ப் பேசுங்கள். டாக்டர்கள் அடுத்தவரை அனுப்புவோம், நாம் போக மாட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு வருடம் வீணாக அவதிப்பட்டேன்.

36 மணி நேரம் வேலை வாங்குவதுதான் பி.ஜி. படிப்பின் இயல்பு என்று நீங்களே நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள். எழுத்தில் இருக்கும் விதி வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகள், பி.ஜி.க்களுக்கு நியாயமான வேலை நேரமும் ஓய்வு நேரமும் தர வேண்டும் என்கின்றன. வேலைப் பளுவுக்கு உட்பட்டு வாரம் ஒரு நாள் விடுமுறை, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு என்றும் இருக்கிறது. அந்த ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரை செய்தார்கள். நடைமுறை எப்படி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் பேட்சில் நான்கைந்து பேர் சேர்ந்து, யாரையும் குறை சொல்லாமல், கடந்த ஒரு மாத டியூட்டி பட்டியலை மட்டும் இணைத்து, துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். இரவு டியூட்டி முடிந்த மறுநாள் மதியம் விடுவிக்கச் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். பத்து கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

20 நாளில் எத்தனை நாள் விடுப்பு எடுத்திருக்கிறீர்கள்? கடிதத்தில் அது இல்லை. எடுக்கவில்லை என்றுதான் ஊகிக்கிறேன். ஐந்து நாள் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள். தூங்குங்கள்.

பிரிட்டன் இன்றைக்கு எப்படி இருக்கிறது

பிளாப் பாஸானால் வேலை தானாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சீனியர் 2019-ல் போனபோது ஓரளவு அப்படி இருந்தது உண்மைதான். இப்போது இல்லை. அங்கே நிபுணத்துவப் பயிற்சியில் சுமார் 10,000 இடங்களுக்கு, 2025-ல் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வெளியான பத்தாண்டு சுகாதாரத் திட்டத்தில், பயிற்சி இடங்களுக்கு உள்நாட்டில் படித்தவர்களுக்கும், ஏற்கெனவே கணிசமான காலம் அங்கே பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று அரசே அறிவித்துவிட்டது. பயிற்சியில் சேராத சாதாரணப் பணியிடங்களுக்கும் போட்டி கடுமை. பிளாப் இரண்டு கட்டமும் தேறி, பதிவெண்ணும் வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டபடி உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் கட்டத் தேர்வு மான்செஸ்டரில் மட்டும்தான் நடக்கிறது. அதன் கட்டணமே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். விசா, விமான டிக்கெட், தங்கும் செலவு தனி. ஆங்கிலத் தேர்வாக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் மொத்தத்தில் 7.5-ம், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7-ம் வேண்டும். அதற்கும் பணம் கட்ட வேண்டும்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 2006-ல் நான் அங்கே இருந்தேன். அதுவரை வெளிநாட்டு டாக்டர்கள் வேலை அனுமதி இல்லாமலே பயிற்சியில் சேரலாம் என்றிருந்தது. மார்ச் மாதம் விதி மாறுகிறது என்றார்கள், ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறைக்கு நாலு பேர் என்று தங்கியிருந்த நம் பையன்கள், கோயில் அன்னதானத்தில் ஒரு வேளையை ஓட்டியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதில் ஒருவன் என் வகுப்புத் தோழன். அப்பாவுக்கு போன் பண்ணும்போதெல்லாம் 'டியூட்டி அதிகம்பா' என்பான். அதையொட்டி வந்த சுகாதாரத் துறை வழிகாட்டுதலை எதிர்த்து நம் டாக்டர்கள் வழக்குப் போட்டு, 2008-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போய் ஜெயித்தார்கள். அதற்குள் என் தோழன் ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனிடம் எம்.டி. இல்லை. 33 வயதில் மறுபடி நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்தான். என்னிடம் எம்.டி. இருந்தது. அதனால் திரும்பி வரவேண்டும் என்று தோன்றியபோது, வேலைக்கு ஒரு விண்ணப்பம் போட்டதோடு சரி. எங்கள் இருவருக்கும் அறிவில் வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அவன் என்னைவிட நல்ல டாக்டர்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: எம்.டி.யை முடியுங்கள். ஒன்றரை வருடம்தான் பாக்கி. பாதியில் விட்டால் அதற்கென்று தனி அபராதம் உண்டா, எவ்வளவு என்று சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் பாருங்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், கையில் வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு உலகத்திலேயே கடினமான வரிசையில் கடைசியில் போய் நிற்பது.

எம்.டி. வைத்திருப்பவருக்குத் திறக்கும் கதவுகள் வேறு. இந்திய எம்.டி. உங்களை பிரிட்டனில் நேரடியாக நிபுணர் பட்டியலில் சேர்க்காது, அது சரி. ஆனால் பிரிட்டனின் பொது மருத்துவ முதுநிலைத் தேர்வான எம்.ஆர்.சி.பி. முழுவதும் முடித்தால், சில நிபந்தனைகளோடு, பிளாப் எழுதாமலே அங்கே பதிவு செய்யலாம். அதன் முதல் தாளுக்குப் படிப்பதில் பெரும்பகுதி உங்கள் எம்.டி. பாடம்தான். இங்கிருந்தபடியே எழுதலாம். அப்புறம் எம்.டி.ஐ. (மெடிக்கல் டிரெய்னிங் இனிஷியேட்டிவ்) என்று பிரிட்டனில் ஒரு திட்டம் இருக்கிறது. அதிகபட்சம் 24 மாதம் அங்கே பயிற்சி, சம்பளத்தோடு, முடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்தியா போன்ற நாடுகளின் டாக்டர்களுக்காகவே வைத்தது. போகவும் ஆசை, ஊரை விடவும் மனமில்லை என்ற உங்கள் நிலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. உங்கள் கடிதத்தில் இதன் பெயரே இல்லாதது ஆச்சரியம்.

மற்ற நாடுகளைப் பற்றி ஓரிரு வரி. வளைகுடாவில் எம்.டி.க்குப் பிந்தைய அனுபவத்தைத்தான் முதலில் கேட்பார்கள், சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாக, அவற்றைக் கொடுத்த இடத்திலேயே சரிபார்ப்பார்கள். அமெரிக்கா என்றால் பொதுவாக நிபுணத்துவப் பயிற்சியான ரெசிடென்சியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த பிறகு அந்தப் பாதை இன்னும் குறுகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு டாக்டர்களுக்குப் பொதுவாகப் பத்தாண்டுக் கட்டுப்பாடு உண்டு, டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர்ப்புறங்களில்தான் பெரும்பாலும் வேலை. பென்னாகரத்தை விட்டுத் தப்பித்து இன்னொரு பென்னாகரத்துக்குப் போவது போலத்தான், சம்பளம் மட்டும் வேறு.

பாண்ட் பற்றிய பயம்

நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவெடுக்கும் முன் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். உங்கள் பத்திரத்தில் எம்.டி. முடித்த பின் ஓராண்டு அரசுப் பணி, தவறினால் 20 லட்சம் ரூபாய் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விதிகள் அடிக்கடி மாறியிருப்பதால் சீனியர் சொன்ன கதையைக் கேட்காதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் உள்ளதுதான் உங்களுக்குக் கணக்கு.

பாண்ட் என்பது ஓர் ஒப்பந்தம். மீறினால் அரசு பணத்தை வசூலிக்கப் பார்க்கும். அது குற்றவழக்கு ஆகாது. பாஸ்போர்ட்டை முடக்குவார்கள் என்பது ஹாஸ்டல் வதந்தி. அதேபோல் 'கோர்ட்டுக்குப் போனால் பாண்ட் செல்லாது' என்று தோழி சொன்னதும் தவறு. மாநிலங்கள் இப்படிக் கட்டாயப் பணி பாண்ட் வாங்குவது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது வேறு விஷயம். சான்றிதழ் என்பது அடகுப் பொருள் இல்லை என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்திருக்கிறது. ஆனால் அதற்காக வழக்குப் போட்டு அலையும் நேரத்தில் பாண்டே முடிந்துவிடும் என்பது என் அனுபவ அறிவு.

அந்த ஓராண்டை ஏன் தண்டனையாகப் பார்க்கிறீர்கள்? வளைகுடாவும் எம்.டி.ஐ.யும் கேட்கும் அனுபவத்தில் அது சேரும். மருத்துவக் கல்லூரியில் சீனியர் ரெசிடென்ட்டாகப் போட்டால், நாளைக்கு உதவிப் பேராசிரியர் ஆவதற்கான ஓராண்டும் அதிலேயே கழிந்துவிடும். முறையாக முடித்துவிட்டால் மாநில மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும்போதும் தலைவலி இல்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தத் தாள் வேண்டும்.

கன்சல்டன்சிக்கு இரண்டரை லட்சம்

கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்காக, வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சி பணம் வாங்கவே கூடாது என்பது பிரிட்டன் சட்டம். அங்கத்திய ஆஸ்பத்திரி வேலைகளுக்கு அரசு இணையதளத்தில் நீங்களே இலவசமாக விண்ணப்பிக்கலாம். தேர்வுக்கும் பதிவுக்கும் அங்கத்திய மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யின் இணையதளத்தில் நேரடியாகப் பணம் கட்டலாம், நடுவில் ஆள் தேவையில்லை. 'வேலை நிச்சயம்' என்று சொல்பவரிடம், எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பணியிடம் என்று எழுத்தில் கேளுங்கள். அத்தோடு போன் வராது. அந்த இரண்டரை லட்சத்தை அண்ணன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துரோகமா என்ற கேள்வி

இதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன். வரிப்பணத்தில் படித்தீர்கள், உண்மை. அதற்கு அரசு ஒரு கணக்கு வைத்திருக்கிறது, ஓராண்டுப் பணி. அதைச் செய்துவிட்டால் சட்டப்படி கடன் தீர்ந்தது. அதற்கு மேல் உங்கள் மனசு என்ன கணக்குப் போடுகிறது என்பது உங்கள் விஷயம். உங்கள் மாவட்டத்துச் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் டாக்டர் போதவில்லை என்றால் அந்தப் பாரத்தை 28 வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வென்டிலேட்டர் காலியாக இல்லாததற்கு நீங்கள் பொறுப்பில்லை. அந்த இரவு அதற்கும் சேர்த்து உங்கள் கை உழைத்தது.

ஆனால் ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. நான் திரும்பி வந்ததற்குக் காரணம் தியாகம் ஒன்றும் கிடையாது. அங்கே நான் நல்ல டாக்டராக இருந்தேன், இங்கே தேவைப்படுகிற டாக்டராக இருக்கிறேன். கிருஷ்ணகிரியில் என் கிளினிக்குக்கு அஞ்செட்டி, தளி பக்கமிருந்தெல்லாம் பஸ் மாறி வருகிறார்கள். 'எங்க ஊரு பேச்சுல சொன்னாத்தானே சாமி உங்களுக்குப் புரியும்' என்று ஓர் அம்மா சொன்னார். கண்ணாடி விரியன் கடித்தவரின் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்கு நிகரான ஒன்றை நான் அங்கே அனுபவித்ததில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று இல்லை. என்னோடு இருந்தவர்களில் அங்கேயே தங்கி, நிறைவாக வாழ்பவர்களும் உண்டு. அவர்களை யாரும் துரோகி என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், இப்படிச் சொல்வேன். இந்த மாதம் விடுப்பும் தூக்கமும் மனநல மருத்துவரும். அடுத்த சில மாதங்களில் தீசிஸ் வேலையை முடித்துவிடுங்கள், மூன்றாம் ஆண்டில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும். மூன்று மாத மாவட்டப் பணிக்கு உங்கள் முறை வரும்போது, டியூட்டி கொஞ்சம் இலகுவாக இருந்தால் எம்.ஆர்.சி.பி. முதல் தாளுக்குப் படிக்க ஆரம்பியுங்கள். எம்.டி., பாண்ட் இரண்டும் முடிந்த பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் இந்தக் கேள்வியை மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் போகத் தோன்றினால் தயங்காமல் போங்கள். அதுவரை செய்ததில் எதுவும் வீணாகாது, இங்கேயே இருந்தாலும், எம்.டி.க்கு அடுத்த உயர் சிறப்புப் படிப்பான டி.எம். நுழைவுக்கு அதே படிப்புதான்.

அப்புறம், அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 'டியூட்டி அதிகம்பா' என்பதோடு போனை வைத்துவிடுகிறீர்களாம். அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஈஸ்ட் ஹாம் நினைவு வந்துவிட்டது. விடுப்பில் ஊருக்குப் போகும்போது அந்தக் கட்டுவிரியன் பையன் கதையை அப்பாவுக்கும் அண்ணனுக்கும் முழுசாகச் சொல்லுங்கள். விடியும்வரை அமுக்கியதையும், காலையில் திட்டு வாங்கியதையும் சேர்த்தே சொல்லுங்கள்.